சுவருக்குள் ஓடும் தண்ணீர் யாருடையது?

பகலில் இது காதில் விழாது. சாலையில் பேருந்து, அடுத்த புளோக்கில் புதுப்பிப்பு வேலை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். நள்ளிரவுக்குப் பிறகு, மின்விசிறியையும் நிறுத்தினால்தான் தெரியும். சுவருக்குள் எங்கேயோ ‘உஸ்ஸ்’ என்று மெல்லிய இரைச்சல். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை. வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். ஆனாலும் தண்ணீர் ஓடுகிறது.

உடனே செய்யத் தோன்றுவது, சுவரில் காதை வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். செம்புக் குழாயிலும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயிலும் இன்னும் வேகம். அதனால் குளியலறையில் பிறந்த சத்தம் சமையலறைச் சுவரில் பளிச்சென்று கேட்கும். குழாய் எங்கே ஒரு பொய்க்கூரைப் பலகையையோ அலமாரியின் முதுகையோ தொட்டுக்கொண்டு போகிறதோ, அங்கேதான் சத்தம் பெரிதாகும். வீணையில் தந்தியை மீட்டுவது ஓரிடம், நாதம் பெருகுவது குடத்தில். சத்தம் பெரிதாகக் கேட்கும் இடத்தில் சுவர் ஓடுகளை உடைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே காய்ந்த சிமெண்டைக் கண்டவர்கள் நிறைய.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் சுவரையும் கூரையையும் ஒட்டிப் பல வீடுகளின் குழாய்கள் போகின்றன. ஆகவே ‘எங்கே ஓடுகிறது’ என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ‘இது யாருடைய தண்ணீர்?’ அதற்குப் பதில் காதில் இல்லை. வாசலுக்கு வெளியே மீட்டரில் இருக்கிறது.

மீட்டர் சொல்வது

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தண்ணீர் மீட்டர் பெரும்பாலும் கோரிடாரில், குழாய்கள் செங்குத்தாகப் போகும் அலமாரிக்குள் இருக்கும். ஒரே அலமாரியில் இரண்டு மூன்று வீட்டு மீட்டர்கள் இருந்தால், யூனிட் எண் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெயின்ட் அடித்தபோது அழிந்து, யாரோ மாற்றி எழுதியிருக்கலாம். மீட்டரில் பொறித்த எண்ணைக் கட்டண ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அல்லது ஒருவர் சமையலறைக் குழாயைத் திறக்க, மற்றவர் எந்த மீட்டர் சுற்றுகிறது என்று பார்க்கலாம்.

கறுப்பு இலக்கங்கள் கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். சிவப்பு இலக்கங்களும் சிவப்பு முள்களும் அதற்கும் கீழே உள்ள பின்னம். ×0.0001 என்று எழுதிய முள் இருந்தால், அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 1 லிட்டர். பல மீட்டர்களில் முகப்பின் நடுவே ஒரு சின்ன முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ இருக்கும். கசிவைக் காட்டிக்கொடுப்பது அதுதான். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, துவைக்கும் இயந்திரத்தையும் ஹீட்டரையும் நிறுத்திவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் அந்தச் சக்கரத்தைப் பாருங்கள். அது நகர்ந்தால், ஓடுவது உங்கள் தண்ணீர்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘நகரவில்லை’ என்று கதவைச் சாத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. கழிவறைத் தொட்டியின் அடி வளையம் மெதுவாகக் கசிந்தால், தொட்டியில் நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மிதவை போதுமான அளவு தாழ்ந்த பிறகுதான் நீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கும். பத்து பதினைந்து நொடி நீர் நிரப்பி மறுபடி மூடிக்கொள்ளும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி நடந்தால், இடைப்பட்ட நேரம் முழுவதும் சக்கரம் அசையாமல்தான் இருக்கும். மிக நுண்ணிய சொட்டும் சக்கரத்தைத் தள்ளும் அளவுக்கு வலுவாக இல்லாமல் போகலாம். அதனால் படுக்கும்முன் எல்லா இலக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். விடிந்ததும், யாரும் பல் துலக்கும்முன், இன்னொரு படம். இரவில் கழிவறைக்குப் போனவர்கள் எத்தனை முறை ஃபிளஷ் செய்தார்கள் என்று கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். இப்போதைய இரட்டைப் பொத்தான் தொட்டிகளில் முழு ஃபிளஷ் 4.5 லிட்டரைத் தாண்டாது.

ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வட்டாரங்களில் இந்த வேலை எளிது. இணையக் கணக்கில் பயன்பாட்டு விவரத்தைத் திறந்து, விடியற்காலை மூன்று மணிக்குரிய கோடு பூஜ்யத்தைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். மற்ற வீடுகளில் மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வந்து படிக்கிறார்கள். இடையில் வரும் மாதத்து ரசீது மதிப்பீடு. கசிவு தொடங்கி ஒரு மாதம் கழிந்த பிறகே கட்டணத்தில் தலைகாட்டும் என்பதால், ‘பில் வழக்கம்போல்தான் வந்தது’ என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சக்கரம் நகர்கிறது என்றால், 1 லிட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துவிடுங்கள். நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 360 லிட்டர். 2023இல் சிங்கப்பூரில் ஒருவரின் சராசரி வீட்டுப் பயன்பாடு நாளுக்கு 141 லிட்டர். அதாவது வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டரைப் பேர் கூடுதலாகக் குடியிருக்கிறார்கள். மாதத்துக்கு 10.8 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரையிலான விலை எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. ஜிஎஸ்டி சேர்க்காமலே 35 வெள்ளி சாக்கடைக்குப் போகிறது. இந்தக் கணக்கு வெறும் வயிற்றெரிச்சலுக்காக அல்ல. கசிவின் அளவு அதன் வகையையும் சொல்லும். நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஓடினால் அநேகமாகக் கழிவறைத் தொட்டி. மணிக்கு ஒரு லிட்டர் என்றால் சொட்டும் குழாய் அல்லது பிடெட் ஸ்பிரே, அதாவது கழிவறையில் கழுவிக்கொள்ளும் கைத்தெளிப்பான்.

ஸ்டாப்காக்கைத் திருகுவதற்கு முன்

மீட்டருக்குப் பக்கத்திலேயே வீட்டின் பிரதான ஸ்டாப்காக், அதாவது வீட்டுக்கு வரும் நீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு, இருக்கும். ஸ்டோரேஜ் ஹீட்டர் இருந்தால் முதலில் அதன் ஸ்விட்சை அணையுங்கள். வலஞ்சுழியாகத் திருகி மூடுங்கள். பத்தாண்டு தொடாத ஸ்டாப்காக் இறுகிப்போயிருக்கும்; ரெஞ்சைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறியும், இரவு இரண்டு மணிக்கு அதைவிட மோசமான நிலை வேறில்லை. கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து இளக்குங்கள். இளகவில்லை என்றால் விட்டுவிட்டுப் பகலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

மூடியபின் வீட்டிலேயே தாழ்வாக உள்ள குழாயைத் திறந்துவிடுங்கள். குழாயில் தங்கியிருக்கும் நீர் வடிந்து முழுவதும் நிற்க வேண்டும். மெல்லிய நூலாக ஒழுகிக்கொண்டே இருந்தால் ஸ்டாப்காக் சரியாக மூடவில்லை. அந்த நிலையில் செய்யும் எந்தச் சோதனைக்கும் பொருள் இல்லை.

நின்றுவிட்டது என்றால் குழாயை மூடிவிட்டுக் காது கொடுங்கள். சத்தமும் நின்றிருந்தால் அது உங்கள் வீட்டுக்குள் ஓடிய தண்ணீர். ஸ்டாப்காக் இறுக மூடியும் சத்தம் அப்படியே கேட்டால் அது உங்கள் குடிநீர்க் குழாய் இல்லை. கழிவுநீர்க் குழாய், மழைநீர்க் குழாய், பொதுக் குழாய், ஏர்கான் இவற்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்தே நடப்பதும் உண்டு: மீட்டரும் ஓடியது, மூடிய பிறகும் சத்தம் கேட்கிறது. அப்போது உங்களைத் தூங்கவிடாத சத்தம் ஒன்று, உங்கள் பணத்தைக் கரைக்கும் கசிவு வேறொன்று. தனித்தனியாகப் பாருங்கள்.

திறக்கும்போது மெதுவாக, கடைசிவரை திறந்து, பிறகு கால் சுற்று திரும்ப மூடி விடுங்கள். முழுவதும் திறந்த நிலையில் இறுக்கிவிட்டால் அடுத்த முறை அது இறுகிப்போயிருக்கும். பாதி மட்டும் திறந்து விட்டாலோ அந்த இடுக்கில் நீர் பிதுங்கிப் போகும்போதெல்லாம் ஸ்டாப்காக்கே சீறும். கழிவறை, சிங்க் இவற்றின் கீழுள்ள ஆங்கிள் வால்வுகளுக்கும் இதே கதைதான்.

நிறைகுடம் தளும்பாது

காதுக்கும் ஒரு வேலை உண்டு. இடத்தைச் சொல்வதில் அது பொய்யன், வகையைச் சொல்வதில் கெட்டிக்காரன். குடிநீர்க் குழாய்க்குள் எப்போதும் நீர் நிறைந்து அழுத்தத்தோடு நிற்கிறது. காற்றுக்கு அங்கே இடமில்லை. நிறைந்த குழாய் ‘சலசல’க்காது. அதில் கசிவு ஏற்பட்டால் சின்ன இடுக்கு வழியாக நீர் பீறிடும் ‘உஸ்ஸ்’ என்ற ஒரே சீரான சீறல்தான் வரும். ‘சலசல’, ‘களகள’ என்று கேட்டால் அங்கே காற்றும் நீரும் சேர்ந்திருக்கின்றன: பாதி காலியான கழிவுநீர்க் குழாய், அல்லது நீர் விழும் தொட்டி. ‘குளுக், குளுக்’ என்றால் காற்று எதிர்த்திசையில் மேலேறுகிறது. தரையில் நீர் வடியும் குழியான ஃபுளோர் டிராப் பக்கம் பாருங்கள். ‘டொம்’ என்று ஒரே அடி விழுந்து நின்றால் அது ஓட்டம் திடீரென்று நிறுத்தப்பட்ட அதிர்ச்சி.

உங்கள் தண்ணீர்தான் என்றால்

முதலில் கழிவறை. இரண்டாவதும் கழிவறை, இரண்டு கழிவறை உள்ள வீட்டில் இரண்டையும் பார்க்க வேண்டும் அல்லவா.

தொட்டி மூடியைக் கழற்றுங்கள். நடுவில் ஒரு நிமிர்ந்த குழாய் இருக்கும். நீர்மட்டம் மிஞ்சினால் வழிந்து கோப்பைக்குள் போவதற்கான வழி அது. நீர் அதன் விளிம்புவரை வந்து உள்ளே வழிகிறதா? அப்படியானால் இன்லெட் வால்வு மூடவில்லை. நீர் விளிம்புக்குக் கீழேதான் நிற்கிறது, ஆனாலும் கோப்பையில் மெல்லிய ஓட்டம் தெரிகிறது என்றால் ஃபிளஷ் வால்வின் அடி வளையம் கசிகிறது. கோப்பையின் பின்சுவரில் ஓர் உலர்ந்த டிஷ்யூத் தாளை ஒட்டிப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத ஓட்டமும் தாளை நனைத்துக் காட்டிவிடும்.

சந்தேகம் தீர இரண்டு சோதனைகள். முதலாவது சாயம். கேசரிக்குப் போடும் உணவு வண்ணத்தில் ஒரு சிட்டிகையைத் தொட்டி நீரில் கரைத்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. அடுப்படியில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று மஞ்சள் தூளைப் போட்டுவிடாதீர்கள். அது கரையாது, அடியில் படிந்து, நன்றாக இருந்த வளையத்துக்கும் கீழே போய் உட்கார்ந்து புதிதாக ஒரு கசிவை உண்டாக்கும். இரண்டாவது பென்சில். ஆங்கிள் வால்வை மூடி, நீர்மட்டத்தைத் தொட்டிச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடி வளையம். இறங்கவில்லை, ஆனால் வால்வைத் திறந்ததும் சீறல் திரும்புகிறது என்றால் இன்லெட் வால்வு.

அடி வளையம்தான் என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். மூடியில் உள்ள பொத்தான்களின் கீழே இரண்டு தள்ளுகோல்கள் இருக்கும். மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டியபின் அவை சற்று நீண்டுபோய், பொத்தானை அழுத்தாமலே வால்வை ஒரு முடியளவு தூக்கிப் பிடித்திருப்பது அடிக்கடி நடக்கிறது. கோலுக்கும் வால்வுக்கும் நடுவே 1 அல்லது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மூடியை எடுத்ததும் கசிவு நிற்கிறது, மூடினால் தொடங்குகிறது என்றால் குற்றவாளி இதுதான். கோலை இரண்டு சுற்றுத் திருகிக் குறைத்தால் தீர்ந்தது.

அது இல்லை என்றால் ஆங்கிள் வால்வை மூடி, ஃபிளஷ் செய்து தொட்டியைக் காலியாக்குங்கள். பெரும்பாலான ஃபிளஷ் வால்வுகளைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் திருகித் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடியில் ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம். வழவழப்பாகப் பாசி படிந்திருந்தால் துணியால் துடையுங்கள். அது உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், மணல் துகளோ தலைமுடியோ இருக்கும். தேய்க்கும் நார் வேண்டாம், கீறல் விழுந்தால் அந்த விளிம்பு இனி மூடாது. வளையம் தட்டையாகிப்போய், ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதைத் திருப்பிப் போட்டால் சில வாரம் தாங்கும், நிரந்தரம் அல்ல. ஒரே அளவாகத் தெரியும் வளையங்களில் உள்விட்டம் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடும் என்பதால், பழையதைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோங்கள். தொட்டிக்குள் போடும் நீல நிறக் குளோரின் கட்டிகள் இந்த ரப்பரைச் சீக்கிரமே அரித்துவிடும். வாசனைக்காக அதைப் போட்டு, வருடத்துக்கு ஒரு வளையம் மாற்றுவது நல்ல பேரமில்லை.

இன்லெட் வால்வு விவகாரம் வேறு. அதன் தலைக்குள் ஒரு சின்ன ரப்பர் சவ்வு, அதில் ஊசிமுனை அளவு துளை. அந்தத் துளை வழியாக நீர் சவ்வின் பின்பக்கம் போய் அழுத்தினால்தான் வால்வு மூடும். ஒரு மணல் துகள் துளையை அடைத்தால் போதும், வால்வு மூடவே மூடாது. புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றம் கூரைத் தொட்டிகளைச் சுத்தம் செய்யப்போவதாக மின்தூக்கி முகப்பில் அறிவிப்பு ஒட்டிய வாரத்திலோ, குழாய் வேலைக்காக நீரை நிறுத்திவிட்டுத் திறந்த மறுநாளிலோ சத்தம் தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீரை மூடி, தலையைத் திருகிக் கழற்றி, சவ்வைக் கழுவுங்கள். துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்காதீர்கள். திறந்திருக்கும் வால்வின் மேல் ஒரு குவளையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வை இரண்டு நொடி திறந்து மூடினால் உள்ளே தங்கிய தூசி வெளியே வந்துவிடும். குவளை இல்லாமல் செய்தால் கூரைவரை குளியல். மாட்டியபின் நீர்மட்டம் வழிகுழாய் விளிம்புக்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையைச் சரிசெய்யுங்கள்.

‘பகலில் சரியாக இருக்கிறது, இரவில் மட்டும் சீறுகிறது’ என்பதற்கும் விளக்கம் உண்டு. பொதுக் குழாயிலிருந்து நேரடியாக நீர் பெறும் கீழ்த்தளங்களில், ஊர் தூங்கிய பிறகு பயன்பாடு குறைந்து அழுத்தம் ஏறும். பகல் அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும் தேய்ந்த வால்வு இரவு அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்கும். அதனால் சோதனையையும் இரவிலேயே செய்யுங்கள்.

கழிவறையில் குற்றமில்லை என்றால் மற்றவற்றுக்கு வருவோம். நம் வீடுகளில் பிடெட் ஸ்பிரே இல்லாத கழிவறை அரிது. கைப்பிடியை விட்டதும் நீர் நிற்கிறது, ஆனால் சுவரில் உள்ள வால்வு திறந்தே இருப்பதால் குழல் முழுவதும் இரவும் பகலும் அழுத்தத்தில் இருக்கும். கைப்பிடியின் உள்வளையம் தேய்ந்து கோப்பைக்குள்ளேயே சொட்டினால் யாருக்கும் தெரியாது. வால்வை மூடும் பழக்கம் நல்லது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது குழல் வெடித்தால் வீடே குளமாகும். துவைக்கும் இயந்திரம் அணைந்திருக்கும்போது டிரம்மில் நீர் தேங்கியிருந்தால் அதன் உள்வால்வு கசிகிறது. சிங்க் அடியில் ஆர்ஓ வடிகட்டி இருந்தால் அதன் கழிவுநீர்க் குழலைச் சாக்கடையிலிருந்து உருவி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். சேமிப்புத் தொட்டி நிறைந்த பிறகும் ஒழுகினால் தானியங்கி மூடும் வால்வு கெட்டுவிட்டது. மிக்ஸி அளவே உள்ள அந்தப் பெட்டி இரவு முழுக்கத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஸ்டோரேஜ் ஹீட்டரில் பாதுகாப்பு வால்வு ஒன்று உண்டு. சூடாகும்போது விரியும் நீருக்காக அது இரண்டு மூன்று சொட்டு விடுவது இயல்பு. தொடர்ந்து ஒழுகுவது கோளாறு. தொல்லை என்று அதன் வாயை அடைத்துவிடக் கூடாது, கொதிகலனை வெடிகுண்டாக்கும் வேலை அது. ஸ்டோரேஜ் ஹீட்டரில் கை வைப்பது பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் பெற்ற பிளம்பரின் வேலை. குழாய், வளையம், தொட்டி உறுப்பு மாற்றுவதை நீங்களே செய்துகொள்ளலாம்.

எதிலும் சிக்கவில்லை என்றால், வீட்டில் உள்ள எல்லா ஆங்கிள் வால்வுகளையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சக்கரம் நின்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, எதைத் திறந்ததும் நகர்கிறது என்று பிடித்துவிடலாம். எல்லாம் மூடியும் நகர்ந்தால் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ புதைந்த குழாய். அப்போதும் ஒரு படி பாக்கி இருக்கிறது: ஹீட்டருக்குள் நீர் போகும் வால்வை மட்டும் மூடுங்கள். சக்கரம் நின்றுவிட்டால் கசிவு சுடுநீர்ப் பக்கம். பிளம்பர் வரும்முன் தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

இப்போதுதான் காதை வைக்கும் நேரம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வின் உலோகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் அழுத்துங்கள். மரத்தாலான சாப்ஸ்டிக்கும் உதவும். சுவரை அல்ல, வால்வுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சீறல் மிகக் கூர்மையாகக் கேட்கும் வால்வுக்கு அருகில்தான் கசிவு. ஹீட்டரின் மின் இணைப்புப் பக்கம் மட்டும் உலோகக் கம்பியைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணுக்கும் சில தடயங்கள் உண்டு: ஓட்டு இடுக்குகளில் வெள்ளை உப்புப் பூப்பது, குளியலறைக் கதவு நிலையின் அடி உப்புவது, சுவரின் மறுபக்கம் பெயின்ட் கொப்புளிப்பது, காலுக்குக் காரணமின்றி வெதுவெதுப்பாகப்படும் ஓடு.

புதைந்த குழாய்க்குப் பெரும்பாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பழைய குழாயை இரு முனையிலும் அடைத்துவிட்டு, சுவரின் மேற்பரப்பிலேயே புதுக் குழாய் ஓட்டிவிடலாம். பார்க்க அழகில்லை, ஆனால் அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரியும். புது வீவக வீடுகளில் புளோக் கட்டி முடித்து 3 ஆண்டுகள்வரை குளியலறைத் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் உடைக்க அனுமதி கிடையாது என்பதால் அங்கே வேறு வழியும் இல்லை.

உங்கள் தண்ணீர் இல்லை என்றால்

செலவு இல்லை, தூக்கம் மட்டும்தான் போகிறது. குளியலறைக் கூரையில் தெரியும், அல்லது பொய்க்கூரைக்குள் மறைந்திருக்கும், தடித்த குழாய் மேல்வீட்டின் கழிவுநீர்க் குழாய். பழைய வார்ப்பிரும்புக் குழாய் சத்தத்தை விழுங்கும். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளியே விடும். மேல்வீட்டில் ஃபிளஷ் செய்தால் ‘சலசல’ சில நொடிகளில் அடங்கும். அடங்காமல் இரவு முழுக்க மெலிதாக ஓடினால், மேலே யாருடைய தொட்டியோ கசிகிறது, காசு அவர்களுடையது. கதவைத் தட்டிச் சொல்லுங்கள், கேசரித் தூள் பொட்டலத்தோடு போனால் இன்னும் நல்லது. உங்கள் கூரையில் ஈரம் தெரிந்தால் அது வேறு கட்டம். கூரைக் கசிவைப் பழுதுபார்ப்பது மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து ஏற்கவேண்டிய பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், இரு வீடுகளுக்கும் கால் கால் பங்கு.

மழைக்குப் பிறகு ஓரிரு மணி நேரம் கேட்டு அடங்குவது கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய். உச்சி மாடியில் சீரான இடைவெளியில் முதலில் பம்ப்பின் உறுமல், பிறகு நீர் விழும் ஓசை என்றால் கூரைத் தொட்டி நிரம்புகிறது. நிற்கவே இல்லை என்றால் மிதவை வால்வு பழுதாகியிருக்கலாம். கோரிடார் அலமாரிக்குள் பொதுக் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு இருந்தால் அதுவும் சீறும். இவை எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. தொலைபேசியில் ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொன்னால் பகலில் ஆள் வருவார், சத்தம் இருக்காது. எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, என் ஸ்டாப்காக்கை மூடியும் கேட்டது, மீட்டர் ஓடவில்லை, எந்த அலமாரியின் அருகே அதிகம் என்று நான்கு விவரங்களையும், இரவில் எடுத்த ஒரு நிமிட ஒலிப்பதிவையும் கொடுங்கள்.

ஏர்கானை யாரும் சந்தேகிப்பதில்லை. கம்ப்ரசர் நின்ற பிறகு, குழாய்களில் உள்ள குளிர்பொருள் அழுத்தம் சமனாகும்வரை சில நிமிடங்கள் நகரும். அந்த ஓசை தண்ணீர் ஓடுவதைப் போலவே இருக்கும். படுக்கைத் தலைமாட்டுச் சுவரில் டிரங்கிங் (ஏர்கான் குழாய்களை மூடும் உறை) போகும் அறைகளில் இந்தக் குழப்பம் அதிகம். ஓரிரவு எல்லா அறைகளிலும் ஏர்கானை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் பதில் கிடைக்கும்.

ஃபுளோர் டிராப் ‘குளுக்’ என்றால் மூடியைத் தூக்கி, உள்கிண்ணத்தைக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். உடனே இறங்கினால் உங்கள் பக்கம் அடைப்பில்லை. பக்கத்து வீட்டார் நீர் ஊற்றும்போதெல்லாம் உங்கள் டிராப் குமிழிவிட்டால் பொதுக் குழாயில் அடைப்பு தொடங்கியிருக்கிறது. அதோடு துர்நாற்றமும் வந்தால் நகர மன்றத்திடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பொங்கி வருவது கீழ்த்தள வீடுகளில்தான்.

‘டொம்’ சத்தத்துக்குத் தண்ணீர் விரயம் இல்லை. துவைக்கும் இயந்திரத்தின் வால்வு ஒரு நொடியில் மூடும்போது, ஓடிவந்த நீர் முட்டி நிற்கும் அடி அது. இயந்திரத்துக்குப் போகும் குழாயைச் சற்றுக் குறைத்துத் திறங்கள். நீர் நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அடி மென்மையாகும். சுவரில் ஆடிக்கொண்டிருக்கும் குழாய்க்குக் கிளிப் அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இந்த அடியை உள்வாங்கும் உறுப்பை வாட்டர் ஹாமர் அரெஸ்டர் என்று கேட்டு வாங்கி, இயந்திரத்துக்கு மிக அருகில் பொருத்துங்கள். தூரத்தில் வைத்தால் பயன் குறைவு.

எதைச் சரிசெய்தாலும் ஸ்டாப்காக்கை மெதுவாகத் திறந்து, சமையலறைக் குழாயின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு, இருமி இருமிக் காற்று வெளியேறும்வரை ஓடவிடுங்கள். அன்றிரவு மீட்டரை மறுபடி படம் எடுங்கள். காலையில் கடைசிச் சிவப்பு இலக்கமும் மாறாமல் நிற்கிறது, ஆனாலும் அந்த ‘உஸ்ஸ்’ இன்னும் கேட்கிறது என்றால், குளிர்பதனப் பெட்டியின் ஸ்விட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள்.